இரண்டாண்டு பர்மிட்

முனைவர் பட்ட ஆய்வை முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஒர்க் பர்மிட் ஒரு தடவைக்கு இரண்டு ஆண்டுதான். முதலாண்டில் பேட்டி கொடுத்தவர், ஆய்வாளர் மூன்றாம் இயலை எழுத உட்காரும்போது அரியலூருக்குத் திரும்பியிருப்பார். இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறி, தீவின் மறுகோடியில் வேறொரு விடுதியில் படுத்திருப்பார். கைபேசி எண்ணும் மாறியிருக்கும். களப்பணியின் தொல்லைகளில் ஒன்றாக இதை முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வதே வழக்கம். எனக்கென்னவோ ஆய்வுப் பொருளே இங்குதான் இருப்பதாகப் படுகிறது. ஒரு மனிதரைத் தொடர்ந்து பின்செல்ல முடியாதபடி ஒரு நகரம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறதென்றால், முதலில் அந்த ஏற்பாட்டைத்தான் படிக்க வேண்டும்.

நகரமும் குடிபெயர்வும் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் வந்து தங்கியவர்களையே பார்த்தன. வருகிறார்கள், வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள், ஒரு தலைமுறையில் ஊர்க்காரர் ஆகிவிடுகிறார்கள். நகராட்சி மொழி வகுப்பு நடத்தியதா, வீடு கொடுத்ததா என்று பார்த்து மதிப்பெண் போட்டால் ஆய்வு முடிந்தது. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பார்வை மாறியிருக்கிறது. பருவத்துக்கு வந்து போகிறவர்கள், காலையில் எல்லை தாண்டி வந்து இரவில் வீடு திரும்புகிறவர்கள், தங்கக் கூடாது என்று வரும் முன்பே முடிவு செய்யப்பட்டவர்கள், இவர்களை நகரம் எப்படி ஆள்கிறது என்ற கேள்வி தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் புவியியலாளர் பிரெண்டா இயோ இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். உலக நகரத்தின் வர்க்க ஏற்றத்தாழ்வைப் புலம்பெயர் தொழிலாளர் வழியே பார்க்கும் ஜுன்ஜியா யேயின் நூல் 2016இல் வந்தது.

பெரும்பாலான நாடுகளில் யார் உள்ளே வரலாம் என்பதைத் தேசிய அரசு முடிவு செய்யும். வந்தவருக்குத் தண்ணீர், கழிப்பறை, பேருந்து எல்லாம் மாநகராட்சியின் பாடு. இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டலாம். சிங்கப்பூருக்கு அந்தச் சாக்கு கிடையாது. பர்மிட் அச்சடிக்கும் அமைச்சும் படுக்கைக்கு நிலம் ஒதுக்கும் அமைப்பும் ஒரே அரசின் கைகள். ஒரு நகரம் தற்காலிகக் குடிபெயர்வை வேண்டுமென்றே, திட்டமிட்டு ஆண்டால் எப்படி இருக்கும் என்பதைக் கலப்படமில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

1978இல் இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து தொழிலாளர்களைச் சேர்க்க சிங்கப்பூர் வழி திறந்தது. அதற்கு முன் வெளியாள் என்றால் பெரும்பாலும் மலேசியர். புதிய நாடுகளுக்கு நிர்வாகம் வைத்த பெயர், 'மரபு சாராத' ஆதார நாடுகள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில்தான் அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் எழுந்தன. அப்படிப்பட்ட ஊரில் இந்தியா மரபு சாராத நாடாம்! 1980இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு லெவி என்னும் மாதத் தீர்வை வந்தது. 1982இல், பத்தாண்டுக்குள் திறன் குறைந்த வெளிநாட்டுத் தொழிலாளரே இல்லாத நாடாக வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. அது நடக்கவில்லை. நடக்காது என்று தெரிந்ததும் 1987இல் லெவியோடு ஒதுக்கீட்டு விகிதத்தையும் சேர்த்துக் கட்டி, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மதகு ஒன்றை அமைத்துக்கொண்டது. 1990 கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்கள் 3 லட்சத்துச் சொச்சம், பத்தில் ஒருவர். 2024இல் 18.6 லட்சம், பத்தில் மூன்று பேர்.

அந்த மதகு இன்று வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கட்டுமானத் துறையில் ஓர் உள்ளூர்த் தொழிலாளிக்கு ஐந்து ஒர்க் பர்மிட்காரர் என்பது 2024 முதல் விகிதம். அதற்கு முன் ஏழு. மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆள் காணாமல் போனால் அந்தப் பணம் போய்விடலாம். மாத லெவி, திறன் கூடியவருக்கு 500 வெள்ளி, குறைந்தவருக்கு 900 வெள்ளி. புதிதாகப் போகிறவர்களில் பலருடைய அடிப்படைச் சம்பளம் இந்த 900ஐ எட்டாது. அவர் அடிப்படைக் கூலியாக வாங்குவதைவிட, அவரை வைத்திருப்பதற்காக அரசுக்குப் போகும் பணம் அதிகம்! தங்குமிடம், மருத்துவம், ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மனிதவள அமைச்சின் அனுமதி இல்லாமல் மணக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. கருவுற்றிருப்பது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இவற்றைத் தனித்தனி விதிகளாகப் படித்தால் ஒரு கண்டிப்பான குடிநுழைவுச் சட்டம்போல் இருக்கும். சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. நகரம் தொழிலாளியை நேரடியாக ஆள்வதில்லை. முதலாளி வழியாக ஆள்கிறது. நம் ஊரில் குடிமகனுக்கு வார்டு அலுவலகம் எதுவோ, அங்கே ஒர்க் பர்மிட்காரருக்குக் கம்பெனி அது. எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், எந்த லாரியில் ஏறுகிறார், எந்த மருத்துவரிடம் போகிறார், எப்போது விமானம் ஏறுகிறார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. 5,000 வெள்ளி பிணை இருப்பதால் கண்காணிக்கும் வேலையும் கம்பெனிக்கே வந்து சேர்கிறது. காவல் துறைக்கும் நகராட்சிக்கும் ஆகும் செலவு இப்படித் தனியார் கணக்குக்கு மாறுகிறது. நிர்வாகத் திறமை என்று இதைப் பாராட்டுபவர்கள் உண்டு. திறமைதான், சந்தேகமில்லை. பல்லாயிரம் முதலாளிகளிடம் பிரித்துக் கொடுத்த அதிகாரம் பல்லாயிரம் விதமாகத்தான் நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இந்த ஏற்பாட்டுக்குள் கடனோடு நுழைகிறார். புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கை, கடலூர்ப் பக்கம் 'டெஸ்ட் அடிப்பது' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர் ஏற்றுக்கொண்ட மையத்தில் கம்பி கட்டுதல், பலகை அடித்தல், குழாய் பொருத்துதல் போன்ற ஏதாவதொரு திறன் தேர்வில் தேறிவிட்டு, ஐபிஏ என்னும் முன் அனுமதிக் கடிதத்துக்காக ஏஜென்ட் வாசலில் காத்திருப்பது. சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்குச் சட்ட வரம்பு உண்டு; இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இங்கே, நம் மண்ணில் கைமாறும் பணத்துக்கு அந்தச் சட்டத்தின் கை நீளாது. கடன் அடையும் முன் 'பர்மிட் கேன்சல்' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் அடிபட்ட விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

பயப்படாமல் புகார் கொடுத்தவருக்கு நகரம் வைத்திருக்கும் காகிதத்தின் பெயர் ஸ்பெஷல் பாஸ். வேலைக் காய இழப்பீடோ சம்பளப் பாக்கியோ தீரும்வரை நாட்டில் இருக்கலாம். பெரும்பாலானோர் வேலை செய்யக் கூடாது. வழக்கு எத்தனை மாதம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. தற்காலிகத்துக்குள் இன்னொரு தற்காலிகம். இப்படிக் காத்திருப்பவர்களுக்கு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு ஏற்பாடு செய்துவரும் தொண்டமைப்பின் பெயர் டிடபிள்யூசி2. அதன் விரிவு, வந்துபோகும் தொழிலாளரும் கணக்கில் சேர்த்தி என்ற பொருளில் அமைந்தது. பெயரிலேயே ஓர் ஆய்வேட்டின் வாதம் அடங்கியிருக்கிறது.

இனி, படுக்கை. சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாதென்று 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன விகிதம் வகுத்து, அதை மீறி வீடு விற்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். கலந்து வாழ்வதைச் சட்டமாகவே ஆக்கிய நகரங்கள் உலகில் அதிகமில்லை. அதே நகரம், மலேசியர் அல்லாத கட்டுமானத் தொழிலாளி அந்த அடுக்குமாடியில் ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்கக் கூடாது என்கிறது. குடிமக்களுக்குக் கலப்பு, வந்துபோகிறவருக்கு விலக்கு. இரண்டு கொள்கையையும் ஒரே மேசையில் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் சிங்கப்பூரின் பன்முகத்தன்மையைப் பேசுவதில் பொருளில்லை.

அப்படியானால் எங்கே தூங்குவது? துவாஸ், கிராஞ்சி, சுங்கை தெங்கா, பொங்கோல் என்று தீவின் ஓரங்களில் எழுந்த விடுதிகளில். சிலவற்றில் பத்தாயிரம் படுக்கைக்கு மேல். சுங்கை தெங்காவில் ஏறத்தாழ 25,000. நம் பேரூராட்சிகள் பலவற்றின் மக்கள்தொகை ஒரே வேலிக்குள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் என்னும் வசதியான குடியிருப்பில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை விடுதியாக்கப் போவதாகச் செய்தி வந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டார் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். திருட்டு பெருகும், பெண்கள் நடமாட முடியாது, வீட்டு விலை சரியும் என்றார்கள். அரசு பின்வாங்கவில்லை. ஆனால் குடியிருப்புத் தெருக்களைத் தொடாமல் விடுதிக்குத் தனிச் சாலை போட்டுக் கொடுத்தது. இரு தரப்பையும் சமாளித்த அந்தச் சாலையை நான் சிங்கப்பூரின் குடிபெயர்வுக் கொள்கைக்கு ஆகச் சிறந்த சான்றாவணம் என்பேன். வெள்ளை அறிக்கை எதுவும் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

வாரத்தில் ஆறு நாள் சாலைகளையும் சுவர்களையும் வைத்துப் பிரித்தாலும் ஏழாம் நாள் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா. தேசப்படத்தில் லிட்டில் இந்தியா என்றிருந்தாலும் தமிழ்த் தொழிலாளி வாயில் அது தேக்காதான். பணம் அனுப்ப, முடி வெட்ட, வீரமாகாளியம்மன் கோயிலில் சூடம் ஏற்ற, ஊர்க்காரனைப் பார்க்க, ஒன்றுமே செய்யாமல் புல்தரையில் கால் நீட்டி உட்கார. அப்படி உட்கார்ந்து வீடியோ அழைப்பில் மகளுக்குத் தெருவைக் காட்டும் ஆளை எந்த ஞாயிறும் பார்க்கலாம். ஆறு நாளும் கம்பெனியின் கணக்கில் இருப்பவர் அந்த ஆறேழு மணி நேரம் நகரத்தின் தெருவில் இருக்கிறார். அந்த நேரத்தை யார் ஆள்வது? விதிப்புத்தகத்தில் இடம் ஒதுக்காத கேள்வி அது.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன், லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலைச் சந்திப்பில், தொழிலாளர்களை விடுதிக்குக் கொண்டு செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். வயது 33. திரண்ட கூட்டம் பேருந்தைத் தாக்கியது. காவல் வாகனங்களும் ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பதாண்டுக்கும் மேலாகக் கலவரமே காணாத நகரம் அது. 25 பேர்மீது வழக்கு. 57 பேர் வழக்கு விசாரணை இல்லாமலே நாடு கடத்தப்பட்டார்கள். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. விபத்து, மீட்புப் பணியைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது, மது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. வேலை, வாழ்க்கை நிலைமைகளின்மேல் இருந்த மனக்குறை காரணமல்ல என்று குழு முடிவு செய்தது. தொழிலாளர் அமைப்புகளில் பலர் இதை ஏற்கவில்லை. மனக்குறை இருந்ததா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறையில்லை. அறிக்கைக்குப் பிறகு நகரம் எதில் கைவைத்தது என்பதுதான் முக்கியம்.

இடத்திலும் நேரத்திலும் கைவைத்தது. 2014 தொடக்கத்தில் லிட்டில் இந்தியாவுக்கென்றே ஒரு பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக நடவடிக்கைகள்' என்ற சொல் இருந்தது. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இரவு பத்தரைக்குமேல் நாடு முழுவதும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள்; சனி காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழுவரை அங்கே தெருவில் ஒரு டின் பீரைத் திறக்க முடியாது. ஆயிரமும் அதற்கு மேலும் படுக்கை கொண்ட விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்னும் சட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஊரோரங்களில் கடை, பணப் பரிமாற்ற நிலையம், விளையாட்டுத் திடலோடு பொழுதுபோக்கு மையங்கள் அமைந்தன. அந்த மையங்கள் வசதியானவை என்பதை மறுக்கவில்லை. தேக்காவுக்கு வரத் தேவையில்லாமல் ஆக்குவதும் அந்த வசதியின் வேலைகளில் ஒன்று.

கோவிட் வந்தபோது இந்த ஏற்பாட்டின் உள்கூடு வெளியே தெரிந்துவிட்டது. 2020 ஏப்ரல் 5இல் இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் அறையைவிட்டு வெளியேற முடியாது. சில வாரங்களில் எல்லா விடுதிகளுக்கும் அதே நிலை. அப்போது விடுதிகளில் இருந்தவர்கள் 3,23,000 பேர். அன்றாடத் தொற்று எண்ணிக்கையை நாட்டுக்கு ஒன்று, விடுதிகளுக்கு ஒன்று என்று இரண்டு பத்தியாக வெளியிட்டார்கள். நோயியல் பார்வையில் அதற்கு நியாயம் உண்டு. ஒரே கழிப்பறையைப் பலர் பகிரும் அறையிலும் மூன்றறை வீட்டிலும் கிருமி ஒரே வேகத்தில் பரவாது. அறையை அப்படி அமைத்தது கிருமியல்ல என்பதும் உண்மை. அந்த ஆண்டு டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 54,505 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. நாட்டின் மொத்தத் தொற்றில் பத்துக்கு ஒன்பது பங்குக்கும் மேல். ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி வந்து போயிருந்தது. இறந்தவர்கள் இருவர்.

அந்த இரண்டு என்ற எண்ணை அலட்சியமாகக் கடக்கக் கூடாது. இளம் வயது ஒரு காரணம். நகரம் முழு மூச்சாகச் சிகிச்சை கொடுத்ததும் ஒரு காரணம். சிகிச்சைக்கு ஒரு காசு வாங்கவில்லை. வளைகுடாவிலும் இந்தியப் பெருநகரங்களிலும் அதே மாதங்களில் தொழிலாளிகள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் சிங்கப்பூரைத் தூற்றுவது நியாயமாகாது. இன்னொரு காட்சியும் உண்டு. அத்தியாவசிய வேலை செய்பவர்களைப் பிரித்துத் தங்கவைக்க ராணுவ முகாம்களையும் மிதக்கும் தங்குமிடங்களையும் திறந்தார்கள். கூடவே, காலியாகக் கிடந்த வீவக அடுக்குமாடிகளையும் திறந்தார்கள். சாதாரண நாளில் வாடகை கொடுத்தாலும் நுழைய முடியாத கதவு பெருந்தொற்றில் திறந்தது. முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை.

கம்பெனியை வார்டு அலுவலகமாக வைத்து நடத்திய ஆட்சி அந்தச் சில மாதங்களில் தாங்கவில்லை என்பதுதான் ஆய்வாளருக்கு முக்கியமான செய்தி. யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற பட்டியலில் தொடங்கி மூன்று வேளைச் சாப்பாடுவரை அரசு நேரடியாக இறங்க வேண்டியிருந்தது. மனிதவள அமைச்சு விடுதிகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. உரிமச் சட்டம் 2023 முதல் ஏழு படுக்கை இருந்தாலே பொருந்தும் என்றானது. புது விடுதியில் அறைக்கு 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று அளவு வகுத்தார்கள். பழைய விடுதிகள் முழு அளவை எட்ட 2040வரை அவகாசம். தொழிலாளிக்கு இரண்டாண்டு, அவர் படுத்திருக்கும் கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல்!

ஆனால் நேரடி ஆட்சி வந்தபோது நடமாட்டக் கட்டுப்பாடும் கூடவே வந்தது. 2021 செப்டம்பரில் சோதனை முறையில் வாரத்துக்கு 500 பேரை மட்டும், சில மணி நேரத்துக்குத் தேக்காவுக்குப் போகவிட்டார்கள். விடுதியைவிட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நீங்கியது 2022 ஜூன் 24இல். அதன் பின்னும், ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா, சைனாடவுன் உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக முன்பதிவு தேவைப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் 2022 ஜூன்வரை என்றால் ஒரு பர்மிட்டின் முழு ஆயுள். உள்ளூர்வாசிகள் உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

ஓர் ஒப்பீடு இங்கே உதவும். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டபோது அங்கும் இரண்டாண்டு என்றுதான் விதி. ஆள் வருவார், போவார், அடுத்த ஆள் வருவார். 1964இல் அந்த வரம்பை எடுத்தார்கள். பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது நட்டம் என்று தொழிலதிபர்கள் வற்புறுத்தியதே காரணம். 1973இல் ஆள்சேர்ப்பு நின்றதும், போனால் திரும்பி வர முடியாது என்று பயந்தவர்கள் போகாமல் குடும்பத்தை வரவழைத்தார்கள். மேற்கு பெர்லின் நகரம் மிரண்டு, கிராய்ட்ஸ்பெர்க், வெடிங், டியர்கார்டன் ஆகிய மூன்று வட்டாரங்களில் இனி வெளிநாட்டவர் குடியேறக் கூடாது என்று 1975இல் தடை போட்டது. காலத்தால் கட்ட முடியாதவர்களை இடத்தால் கட்டப் பார்த்தது. முடியவில்லை. 1981இல் வெளிநாட்டவர் விவகாரத்துக்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்தது அதே நகரம். பார்பரா ஜான் என்னும் அந்தப் பெண்மணி 2003வரை அந்தப் பதவியில் இருந்தார். தற்காலிகம் என்ற கணக்கு தப்பு என்று நகரம் முதலில் ஒப்புக்கொண்டது; தேசம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி 2000இல் நடைமுறைப்படுத்த அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபதாண்டு ஆனது.

சிங்கப்பூரில் அந்தக் கதை திரும்பாது. அதற்கான ஒவ்வொரு கதவும் முன்கூட்டியே சாத்தப்பட்டிருக்கிறது: குடும்பம், வீடு, திருமணம். அதனால்தான் 2025 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த மாற்றம் அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது. அதுவரை ஒர்க் பர்மிட்காரர் அங்கே மொத்தம் எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்பதற்கு, நாட்டையும் திறனையும் பொறுத்து 14 முதல் 26 ஆண்டுவரை வரம்பு இருந்தது. அந்த வரம்பை அடியோடு எடுத்துவிட்டார்கள். வயது வரம்பையும் 60இலிருந்து 63க்கு உயர்த்தினார்கள். 1964இல் ஜெர்மன் தொழிலதிபர்கள் சொன்ன அதே நியாயம்தான்: அனுபவசாலியை இழக்க வேண்டாம். இனி இருபது வயதில் போகிற ஒருவர், பர்மிட் புதுப்பித்துக்கொண்டே வந்தால், நாற்பத்து மூன்று ஆண்டு அங்கே தற்காலிகமாக இருக்கலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் தற்காலிகம்.

தற்காலிகம் என்ற சொல் காலத்தைக் குறிப்பதாக இருந்தால் இந்த மாற்றம் அதை உடைத்திருக்க வேண்டும். உடையவில்லை. எத்தனை நாள் என்பதில் அந்தச் சொல்லின் உயிர் இல்லை. படுக்கை எங்கே, சாலை எது, ஞாயிறு யாருடையது, பர்மிட்டைக் கேன்சல் செய்யும் கை யாருடையது என்பதில் இருக்கிறது. தினமும் செய்து செய்துதான் ஒருவரைத் தற்காலிகமானவராக வைத்திருக்க முடியும். நாற்பது ஆண்டானாலும், செய்துகொண்டே இருந்தால் அவர் தற்காலிகமானவராகவே இருப்பார்.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளி வெறும் காயாக மட்டும் இருப்பதில்லை. கட்டுமானத் துறையில் பர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, இருக்கும் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். இரண்டாண்டில் கிடைப்பது ஏறத்தாழ இருபது நாள் சுதந்திரம். அந்த இருபது நாளைத் தேதிவாரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, கைபேசிக் குழுக்களில் எந்தக் கம்பெனியில் 'ஓடி' என்னும் கூடுதல் நேர வேலை அதிகம், எங்கே சம்பளம் இழுக்கும் என்று விசாரித்து மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2014 முதல் அங்கே புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி நடந்துவந்திருக்கிறது. வங்கதேசத் தொழிலாளி முகமது ஷரிஃப் உதினின் நாட்குறிப்பு நூல் 2018இல் சிங்கப்பூர் புத்தக விருது பெற்றது. வங்காளத் தொழிலாளர்களுக்கு ஒரு வங்க மொழிச் செய்தித்தாளும், ரோவெல் சாலையில் கூடிப் பேச ஓர் இடமும் இருந்தன.

தமிழ்த் தொழிலாளியின் பக்கம் வந்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி. நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. அரை நூற்றாண்டாக நம் மாவட்டங்களிலிருந்து ஆள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அந்தப் பக்கத்தில் இருந்து எழுதப்பட்டவை. முதல் பத்தியில் சொன்ன தொல்லை, ஆளைத் தொடர முடியாத தொல்லை, அந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத்தான். இந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டு துவாஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர் கறம்பக்குடியிலோ பேராவூரணியிலோ செல்போன் கடை வைத்திருப்பார். மாலையில் கேட்டால் எந்த விடுதியில் எந்த மாடியில் தண்ணீர் வராது என்பதுவரை சொல்வார். கம்பெனியின் கோப்புகளைப் பார்க்க ஆய்வாளருக்கு வழியில்லை. அமைச்சின் கோப்புகளும் அப்படித்தான். மிஞ்சுவது தொழிலாளி ஊருக்குக் கொண்டுவந்த காகிதம் மட்டுமே: ஐபிஏ கடிதம், சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, சேஃப்டி கோர்ஸ் அட்டை, ஏஜென்டுக்குக் கொடுத்த தொகையைக் குறித்து வைத்த நோட்டு.

உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அப்படி ஒரு கட்டு கிடந்தால், வரும் போகிக்கு அதை நெருப்பில் போட்டுவிடாதீர்கள்.